கேஷ் இரண்டு, காசு ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் நம்மிடமிருந்து போனவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 'கேஷ்' என்பதும் நம் காசுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அது சரியன்று. மண்ணடியில் ஒரு வங்கிக் கிளையில் முப்பது ஆண்டுகள் காசாளராக இருந்தவன் என்பதால் இதில் குறுக்கிட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால் கேஷ் என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கும். ரொக்கம் என்ற பொருளில் நாம் அன்றாடம் சொல்லும் கேஷுக்கு மூலம் 'காப்சா' என்ற லத்தீன் சொல்; பெட்டி என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது. நம் கடைக்காரர்கள் சொல்லும் கல்லாப்பெட்டியேதான். பெட்டியின் பெயர் பிறகு உள்ளே கிடந்த பணத்துக்கே ஆகிவிட்டது. சூட்கேஸில் இருக்கும் கேஸ், மருந்துக்கடை காப்சூல், லாரியின் சேசிஸ் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். காசுக்கு அந்த வீட்டில் உறவில்லை.

நம்முடையது இரண்டாவது கேஷ். சிறு நாணயத்தின் பெயர் அது. போர்ச்சுக்கீசியர் காசை 'கைஷா' என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கே அதில்தான் நடந்தது: 80 காசு ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இதே வாய்ப்பாடு. சீனாவின் சதுர ஓட்டைச் செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் இந்தப் பெயரையே சூட்டினார்கள்.

1808ஆம் ஆண்டு பொறித்த செப்பு நாணயத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, கூடவே 'கேஷ்'. பர்மிங்காமில் அச்சிட்ட இந்தக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவற்றைக் கடலிலிருந்து அள்ளி எடுத்தார்கள். ஆங்கிலத்தில் தமிழ்க் காசு எங்கே என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான், வங்கிக் கவுண்டரில் தொங்கும் பலகையை அல்ல.

இன்னொன்று. எனக்குக் காசாளர் வேலை கிடைத்த அன்று, பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமா, "சேர்ந்த அன்றே துரத்திவிட்டார்களா?" என்று சிரித்தார். படை அதிகாரியை அவமானப்படுத்தி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றே வினைச்சொல் உண்டு. டச்சு மொழி வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு ரொக்கத்தோடும் தொடர்பில்லை, காசோடும் இல்லை. நல்லவேளை, கட்டுரையாளர் அதையும் தமிழ் என்று எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர்,
மயிலாப்பூர், சென்னை-4