புதிய மைத்ரிக்குப் பாதை போடும் முன் பாசியைப் பாருங்கள்

இந்திய அண்டார்டிக் பயணக் குழுக்களைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், புதிய மைத்ரி நிலையத்தை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். அண்டார்டிகாவின் ஷிர்மாக்கர் பாறைப்பகுதியில் 1989 முதல் இயங்கிவரும் இந்திய ஆய்வு நிலையமான மைத்ரிக்கு அடுத்ததாகப் புதியதொரு நிலையம் அமைக்கும் திட்டத்தை, 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகளின் கூட்டத்தில் இந்தியா அறிவித்தது. அந்தத் திட்டத்தை முழுமனத்தோடு வரவேற்கும் தாவரவியல் ஆசிரியன் நான். அங்குள்ள பாறைகளிலும் விரிசல்களிலும் வாழும் மாஸ் வகைப் பாசிகளின் பொருட்டே இம்மடலை எழுதுகிறேன்.

அண்டார்டிகாவில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பாசிக்கு வேண்டியதும் அந்த நிலம்தான்; நாம் கட்டடம் எழுப்பத் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான். பூக்கும் தாவரம் ஒன்றுகூட இல்லாத ஷிர்மாக்கரில் ஏரிக்கரைகளிலும், கோடையில் பனி உருகி வழியும் தடங்களிலும் இவை சிறு மெத்தைகளாகப் படர்ந்திருக்கின்றன. நூற்புழுக்கள், நீர்க்கரடிகள் போன்ற நுண்ணிய விலங்குகள் அவற்றின் ஈரத்தை நம்பியே வாழ்கின்றன.

உலர்ந்த பாசியைப் பார்ப்பவர் அதைக் கறுத்த பொருக்கு என்றே எண்ணுவார். அதன்மீது சில துளி நீர் விட்டால், தண்டோடு ஒட்டிச் சுருண்டிருந்த இலைகள் சில நிமிடங்களில் விரிந்து பச்சை தெரிகிறது. மலையுச்சிகளிலும் துருவங்களிலும் பாறையில் வளரும் கிரிம்மியா இனத்தின் பல வகைகளில், ஒவ்வோர் இலையின் நுனியும் நிறமற்ற வெண்மயிராக நீண்டிருப்பதைக் கைலென்சிலேயே காணலாம். கடும் வெயிலைச் சிதறடிக்கவும் பனித்துளியைப் பிடித்துவைக்கவும் அது உதவுகிறது. நீரை உறிஞ்சும் உண்மையான வேர் இல்லாததால், மேலே விழுவதும் பக்கத்தில் வழிவதுமான நீரே இவற்றுக்கு எல்லாம்.

எனவே, மிதிபடுவதைக் காட்டிலும் நீர் திசைமாறுவதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். வண்டித்தடத்துக்காகக் கொட்டும் சரளையோ குழாய்க்காக வெட்டும் பள்ளமோ உருகுநீரைச் சில அடி தள்ளிவிட்டாலே போதும், கீழேயுள்ள பாசித்திட்டு ஒருவர் காலும் படாமலே காய்ந்துவிடும். அண்டார்டிகாவில் ஆஸ்திரேலியாவின் கேசி ஆய்வு நிலையத்தை ஒட்டிய விண்ட்மில் தீவுகளில், தட்பவெப்ப மாற்றத்தால் நிலம் வறண்டபோது பசும்பாசிகள் சிவந்து, பின் சாம்பல் நிறமானதை ஆய்வாளர்கள் 2018இல் பதிவு செய்தார்கள். ஈரம் விரும்பும் ஷிஸ்டிடியம் என்னும் பாசி குறைந்து, வறட்சி தாங்கும் வகைகள் பெருகியிருந்தன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராத செடி இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அண்டார்டிக் உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை, தாவரங்கள் செறிந்த இடங்களில் வண்டி ஓட்டியோ வானூர்தி இறக்கியோ நடந்தோ பெருஞ்சேதம் விளைவிப்பதைத் தீங்கான குறுக்கீடு என்றே வரையறுக்கிறது. 2022இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய இந்திய அண்டார்டிக் சட்டமும் அந்த நெறிமுறையைச் செயல்படுத்தவே வந்தது. ஆகவே நான் கேட்பது சலுகை அன்று.

கட்டுமானத் தடங்களை வரைபடத்தில் உறுதிசெய்வதற்கு முன், உருகுநீர் ஓடும் கோடைக்காலத்திலேயே பாசித்திட்டுகளையும் அவற்றுக்கு மேலேயுள்ள நீர்வழிகளையும் நிலத்தில் நடந்து குறித்துவிடுங்கள். நீர் வற்றிய பிறகு பார்த்தால், உயிருள்ள பாசி பாறைக்கறையாகவே தோன்றும். வண்டித்தடம் நீர்வழியைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில், நீர் பழைய போக்கிலேயே செல்லுமாறு அடியில் வழிவிடுங்கள். இந்த வரைபடம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையின் பின்னிணைப்பாக ஒதுங்கிவிடாமல், வண்டி ஓட்டுபவரின் கைக்கும் சென்றுசேர வேண்டும். மைத்ரியைச் சுற்றி ஏற்கெனவே உள்ள தடங்களையும் இதே கணக்கெடுப்பில் சேர்த்து, தேவையற்றவற்றை மூடிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்