ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

உ
சிவமயம்

பேரன்புடைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற தை மாதம் பூசை போட்டுத் தொடங்கிய நம் ஊருணித் திருப்பணி கார்த்திகையில் நிறைவெய்தியது. மதிப்பீடு ரூ. 24,00,000, ஆன செலவு ரூ. 31,60,000. இடையில் இருக்கும் ரூ. 7,60,000 எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை புள்ளி வரி (மணமான குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் தரும் பங்கு) கொடுத்த ஒவ்வொருவருக்கும் உண்டு. கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களுக்கு அங்கேயே பதில் சொன்னோம். பெயர் போடாமல் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டவருக்கும் சேர்த்து இங்கே எழுத்தில் சொல்கிறோம்.

தூர் வாரியது, மண்டபத்துக்குச் சுண்ணப் பூச்சு, கம்பி வேலி, விளக்கு, பத்திர, அளவைச் செலவுகள் ஆகியவை மதிப்பீட்டுக்குள் ரூ. 10,30,000இல் முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, ஒரு வதந்தியைத் தவிர. வாரிய மண்ணை விற்றுத் தின்றுவிட்டோம் என்கிறார்கள். மொத்தம் 96 டிப்பர் லோடு. ஒவ்வொரு வண்டியும் வெளியேறிய நேரத்தையும் வண்டி எண்ணையும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பன்னிரண்டு நாள் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிய நோட்டு எங்களிடம் இருக்கிறது. மேலாக வந்தது மண்ணே அல்ல. பால் கவரும் டயரும் உடைந்த பீங்கானும் சட்டம் போன சாமி படங்களும் கலந்த கறுப்புச் சேறு. வயலுக்கு அடிக்கலாம் என்று நம்பி இரண்டு லோடு இலவசமாகக் கொண்டுபோன விவசாயி, மூன்றாம் நாள் வந்து அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அள்ளினோம். அதற்கான வண்டி வாடகை ரூ. 3,600ம் கணக்கில் இருக்கிறது. மண் விற்றவன் கணக்கில் இப்படி ஒரு வரி இருக்காது.

அடுத்த குற்றச்சாட்டு, இவ்வளவு செலவழித்தும் பார்வைக்கு ஒன்றும் இல்லை என்பது. இதை நாங்கள் மறுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேர் வாழ்ந்த காரைக்குடி நகராட்சி, 2024இல் கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் முதலிய ஊர்களைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனபோது, மாநகராட்சிக்குத் தக்கபடி ஊருணிக்கரையில் நீரூற்றும் வண்ண விளக்கும், ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு இதயம் வைத்த எழுத்துப் பலகையும் வேண்டும் என்று நம்மில் பலர் விரும்பினார்கள். இளைஞர்கள் அதற்கு விலைப்புள்ளியும் வாங்கி வந்தார்கள். குழுவின் ஒன்பது பேரில் நான்கு பேர் அதற்குச் சம்மதம். ஐந்து பேர் வேண்டாம் என்றோம். அந்தப் பணம், மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலுக்கே போதாது என்பது அப்போதே எங்களுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

நம் வீடுகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் முகப்புத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பார்த்துவிட்டு, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதையும் நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் நான்கு பக்க ஓட்டுச் சரிவின் மழையையும் வளவு முற்றத்தில் இறக்கி, கல் மடை வழியாகத் தெருக்காலுக்கும், தெருக்காலிலிருந்து ஊருணிக்கும் போகும்படி வைத்துத்தான் தெருவையே அமைத்தார்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வீட்டுக்கே வந்த பிறகு நாம் மறந்தது ஊருணியை மட்டும் அல்ல, அந்தக் காலையும்தான். கால் செத்த ஊருணியில் நீரூற்று வைத்தால் அதற்குத் தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும்.

வரத்துக்காலுக்கு ரூ. 5,20,000 வைத்திருந்தோம், ரூ. 9,80,000 ஆயிற்று. இதில் தவறு குழுவினுடையது. பழைய வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதை நம்பி, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மதிப்பீடு போட்டோம். 640 அடி நீளமுள்ள காலைத் தோண்டியபோதுதான் நிலைமை தெரிந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டுத் தெரு ஒன்றே முக்கால் அடி உயர்ந்திருந்தது. வாசலில் நான்கு படி இருந்த வீடுகளுக்கு இப்போது இரண்டு படிதான் வெளியே தெரிகிறது என்பதை நாம் எல்லோரும் தினமும் மிதித்துக்கொண்டுதான் போகிறோம். அதன் பொருள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. காலின் வாய்கள் அத்தனையும் தாருக்கு அடியில் போய்விட்டன. போதாததற்கு, தண்ணீர் டியூப் பிடித்துப் பார்த்த மேஸ்திரி, நடுவில் 140 அடிக்கு வாட்டம் ஊருணியைப் பார்த்து இல்லை, தெருவைப் பார்த்து இருக்கிறது என்றார். எப்போதோ யாரோ குழாய் பதிக்க உடைத்து, மேடாக மூடியிருக்கிறார்கள். அந்த 140 அடியையும் அடித்தளத்தோடு பெயர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. தெருவின் புது மட்டத்துக்கு ஏற்ப ஒன்பது இடங்களில் இரும்புச் சல்லடை மூடியோடு வாய் எழுப்பினோம். கூடுதல் செலவில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைகளுக்கே போயிற்று.

காலைத் திறந்ததும் வேறொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. பதினொரு வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் அதற்குள் விடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று, இந்த அறிக்கையை எழுதும் செயலாளரின் வீட்டுக் குழாய். என் தகப்பனார் காலத்தில் போட்டது, எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். முதலில் அதை அடைத்தோம். அதன் பிறகுதான் மற்றவர்கள் கதவைத் தட்ட முகம் இருந்தது. ஏழு வீட்டார் ஒரு வாரத்துக்குள் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மாறிக்கொண்டார்கள். இரண்டு வீட்டார் ஏசிவிட்டு மாறினார்கள். எஞ்சிய ஒரு வீடு பூட்டிக் கிடப்பது. பின்கட்டில் காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பதினேழு பங்கு. ஒரு குழாயை மாற்றப் பதினேழு பேரிடம் சம்மதம் வாங்க வேண்டி, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கோலாலம்பூருக்கும் நாற்பது நாள் தொலைபேசியில் பேசினோம். பதினாறு பேர் ‘செய்யுங்கள்’ என்றார்கள். பதினேழாவது பங்காளி, மற்ற பதினாறு பேரும் சொன்னதை எழுத்தில் கேட்டார். நியாயம்தான், வாங்கிக் கொடுத்தோம். வசதி குறைந்த நான்கு வீடுகளின் இணைப்புச் செலவு ரூ. 38,000ஐக் குழுவே ஏற்றது தவறு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஊருணிக்குள் போயிருந்தால் மீதி முப்பத்தொரு லட்சமும் சாக்கடையில் போட்டதாகத்தான் ஆகியிருக்கும்.

இனி, படித்துறை. இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது, எனவே நடந்தபடியே சொல்கிறோம். நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம், ஐம்பது வருடம் பார்க்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். கரை ஊறவும் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று இறங்கவும் செம்புறாங்கல்தான் சரி என்று குழு ஒருமனதாக முடிவு செய்து, ரூ. 8,50,000க்கு அவரோடு ஒப்பந்தம் எழுதியது. குறைந்த விலைப்புள்ளி அவருடையது. நம் சமூகத்து வீடுகள் சிலவற்றுக்கு வேலை செய்தவர் என்ற நம்பிக்கையும் இருந்தது. சித்திரையில் கல் வந்து இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. மூலை மூலையாக, செங்காய் நிறத்தில், வெல்லம் வெட்டியது போல. அதிலேயே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செம்புறாங்கல் பூமியிலிருந்து வெட்டும்போது மெத்தென்று இருக்கும். வெயிலும் காற்றும் பட்டு ஆறினால்தான் இறுகும். நம் பாட்டன்மார் வெட்டிய கல்லை அடுக்கி ஆறப் போட்டுவிட்டுத்தான் வேலையில் வைப்பார்கள். ஒப்பந்தக்காரர் வெட்டிய வாரத்திலேயே ஏற்றி வந்து, அடுத்த வாரம் படியாக வைத்துவிட்டார். ஆடிக்குள் கிழக்கும் தெற்கும் முடிந்தன, அதுவரை ரூ. 5,50,000 கொடுத்திருந்தோம். ஆவணியில் பெய்த இரண்டு மழைக்குப் பிறகு படிகளின் முனை மழுங்கி, தண்ணீர் வடிந்த இடமெல்லாம் மஞ்சள் குழம்பு ஓடியிருந்தது.

வேலைக்கு வராத ஒரு வயதான கொத்தனாரை வீட்டிலிருந்து காரில் கூட்டிவந்து காட்டினோம். அவர் எதுவும் பேசவில்லை. என்னிடம் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கி, புதுக் கல்லில் ஒரு கீறு கீறினார். அரை விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து, மாவாக உதிர்ந்தது. பிறகு வடகரைக்குப் போய், பாசியைத் துடைத்துவிட்டு, பழைய படியில் அதே சாவியால் கீறினார். சாவியின் இரும்புதான் வெள்ளைக் கோடாகக் கல்லில் ஒட்டியது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “கல்லைக் குத்தம் சொல்லாதீங்க ஐயா, காத்திருக்கலை நீங்க” என்றார்.

ஒப்பந்தக்காரர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தியது குழுதான். ஆறிய கல் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாததும் குழுதான். இரண்டும் உண்மை. ஆனால் கல் வேலை செய்கிறவருக்குக் கல்லைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற வாதத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. மேலே சிமெண்ட் பூசி மறைத்துத் தருவதாகச் சொன்னார். பூச்சு கல்லின் ஈரத்தை உள்ளே அடைத்து, இரண்டாம் வருடம் தோலாக உரியும் என்பதால் மறுத்தோம். நான்கு சந்திப்பு நடந்தது. மூன்றாவது சந்திப்பில் குரல் உயர்ந்தது. நம் பக்கத்தில் ஒருவர் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டார், அதற்குக் குழு அன்றே வருத்தம் தெரிவித்தது. முடிவில் அவர் விலகிக்கொண்டார். எஞ்சிய வேலையையும் கிழக்குப் படியை மாற்றும் வேலையையும் வேறொரு கொத்தனார் குழு, இடிந்துபோன பழைய வீடுகளிலிருந்து வந்த ஆறிய கல்லை வாங்கி, ரூ. 6,00,000க்குப் புரட்டாசிக் கடைசியில் முடித்தது. ஆக, ரூ. 11,50,000. தெற்குப் படி பெரும்பாலும் தண்ணீருக்கு மேல் இருப்பதால் அப்படியே விட்டிருக்கிறோம். கோடையில் ஆறி இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஒப்பந்தக்காரர் இன்னும் ரூ. 1,40,000 கேட்கிறார். கொடுப்பதாக இல்லை.

வரவு விவரம். 312 புள்ளிக்குத் தலா ரூ. 5,000 வீதம் ரூ. 15,60,000. நன்கொடை ரூ. 13,80,000. மூன்றாம் வீதி மாடி வீட்டு ஆச்சி, பேரன் பிறந்த மகிழ்ச்சிக்கு ரூ. 2,00,000. மலேசியாவிலிருக்கும் பங்காளிகள் ஐவர் சேர்ந்து ரூ. 3,00,000. தம் வயது நிறைவுச் சாந்திக் கல்யாணத்துக்குப் பந்தலைச் சுருக்கி, மிச்சம் பிடித்ததாகச் சொல்லி ரூ. 1,50,000 தந்த இரும்புக்கடைக்காரர். முன்னோருக்குப் போடும் படைப்புச் செலவு போக மிஞ்சிய ரூ. 46,500ஐ அப்படியே கொண்டுவந்து வைத்த படைப்பு வீட்டார். புள்ளிக் கணக்கில் சேராத பின் தெருக்காரர்கள் வீடுவீடாகத் தண்டிக்கொடுத்த ரூ. 61,200. கரையில் டீக்கடை வைத்திருப்பவர் ரூ. 2,001, அவர் வேலையாட்களுக்கு ஊற்றிய டீக்குக் கணக்கு எழுத விடவில்லை. மற்றவர்கள் அனைவரின் பெயரும் தொகையும் மண்டபத்துத் தகவல் பலகையில் இருக்கின்றன. கல்வெட்டில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்று மூன்று மாதம் பேசி முடிவுக்கு வராததால் கல்வெட்டு வைக்கவில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைக் கொண்டுவந்த ஊரில், ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் எழுத்தின் அளவை ஸ்கேல் வைத்துப் பார்த்த கூட்டங்களில் உட்கார்ந்திருந்தது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆக வரவு ரூ. 29,40,000. குறைவு ரூ. 2,20,000. இதைக் குழுவினர் மூவர் வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார்கள். இதற்காகப் புதிய வரி போடக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்; மாசி மாதத்துக்குள் மனமுள்ளவர்கள் தந்தால் அடைக்கலாம்.

ஐப்பசி மழையில் காலில் முதல் தண்ணீர் வந்த இரவு, ஒன்பது சல்லடைகளிலும் குப்பை அடைத்துக்கொண்டு தெருவில் முழங்கால் அளவு நின்றது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறோம். தலைமையாசிரியரும் பின் தெருப் பையன்களும் கையால் அள்ளி எடுத்த பிறகுதான் இறங்கியது. கார்த்திகைக் கடைசியில் பதினொரு படியில் ஏழாம் படி வரை நீர் நின்றது. மார்கழி பாதியில் ஒன்றரைப் படி இறங்கியிருக்கிறது.

கணக்கு நோட்டுகள், ரசீதுகள், மண் நோட்டு ஆகியவற்றைத் தை மாதம் முழுவதும் ஞாயிறு காலை மண்டபத்தில் பார்க்கலாம். அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கிறேன். வற்புறுத்த வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். சல்லடை மூடியைத் தூக்கும் இரும்புக் கொக்கி டீக்கடையில் தொங்குகிறது. மழை பெய்கிற இரவில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்
காரைக்குடி