பாரியோ பயணம்: சனிக்கிழமை செஸ்ட்நட்டில் பயிற்சி

நண்பர்களே, மலேசியாவின் சரவாக் மலைநாட்டுப் பாரியோவுக்குச் சைக்கிள் பயணம் போவது உறுதி. ஊரே சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டிய தெம்பு அங்கே செல்லாது!

சரவாக்கின் மீரி நகரிலிருந்து போகும் டுவின் ஒட்டர் விமானத்தில் 19 பேர்தான் உட்காரலாம். சைக்கிள்களுக்கு இடம் இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாதையில் ஜீப்பில் கொண்டுபோகலாம், ஒரு நாள் முழுக்கக் குலுங்கவேண்டும். மழை பெய்தால் களிமண் சக்கரத்தை விடாது. அகலமான டயர், உபரி பிரேக் பேட், செயின் இணைப்பு கட்டாயம். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க நீளக் காலுறை.

சனி காலை 7 மணிக்கு, பைகளையும் கட்டிக்கொண்டு செஸ்ட்நட் பூங்காவுக்கு வாருங்கள். வெறும் சைக்கிளோடு வந்தால் பயிற்சியே இல்லை. அப்புறம், கடப்பிதழ் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். சரவாக்கில் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு.