கிக்கர் வழுக்கும் வெஸ்பாவைப் பிரிப்பதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பழைய வெஸ்பாவின் கிக்கர் பாதி உதையில் ‘கர்ரக்’ என்று வழுக்கிக்கொண்டு கீழே போய்விடுகிறது, பார்த்தவர்கள் எல்லாரும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கடைசியில் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும் என்றாலும், எங்கே கோளாறு என்று தெரியாமல் பிரிக்க வேண்டாம். வெளியிலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

உன் கால் கொடுக்கும் விசை எந்த வழியாகப் போகிறது என்று முதலில் புரிந்துகொள். கிக்கர் ஒரு பல் வைத்த தண்டின் மேல் மாட்டியிருக்கிறது. தண்டின் உள்முனையில் கால்வட்ட வடிவில் ஒரு பல்சக்கரம். அது கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன ராட்செட் கியரை (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் சாய்ந்த பற்கள் கொண்ட கியர்) பிடித்துச் சுழற்றுகிறது. அங்கிருந்து விசை கிளட்ச் வழியாகத்தான் கிராங்க்குக்கு, அதாவது பிஸ்டனோடு சேர்ந்த இன்ஜினின் சுழல்தண்டுக்கு, போகிறது. கிளட்ச் நழுவினாலும் கிக்கர் வழுக்குவது போலவே தெரிவதற்கு இதுதான் காரணம். பலரும் தவறவிடும் இடமும் இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிடு. விசிறி இறக்கைகள் தெரியும், அதுதான் மேக்னெட். அது கிராங்க்கின் முனையில் மாட்டியிருப்பதால், அது சுற்றினால் கிராங்க்கும் சுற்றுகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மேக்னெட்டைக் கையால் சுற்றிப் பார். சுற்றவே இல்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது, அது வேறு கதை. தாராளமாகச் சுற்றினால் பிளக்கை மறுபடி மாட்டு.

இப்போது நியூட்ரலில் வைத்து, காலால் உதைக்காமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்து. உன் கண் கிக்கரின் அடியிலேயே இருக்கட்டும். கிக்கர் நகர்ந்து தண்டு நகராமல் நின்றால் கிக்கருக்குள் இருக்கும் பல் தேய்ந்துவிட்டது. இறுக்கும் போல்ட் லூசாக இருந்த வண்டிகளில் இது சகஜம். கிக்கரை மாற்றினால் போதும். ஒன்றை மறக்காதே: அந்த போல்ட் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதை முழுவதும் உருவினால்தான் கிக்கர் வெளியே வரும். லூசாக்கிவிட்டு மட்டும் சுத்தியலால் தட்டினால் தண்டும் போய்விடும்.

தண்டும் சேர்ந்து சுற்றுகிறது, மேக்னெட் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு ராட்செட்டிலா கிளட்சிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் வெஸ்பாவின் அமைப்பு நமக்குக் கைகொடுக்கிறது. விமானப் பொறியாளரான கொராடினோ டாஸ்கானியோ இதை வடிவமைத்தபோது சங்கிலியே வேண்டாம் என்று இன்ஜினைப் பின்சக்கரத்தோடு நேராகச் சேர்த்துவிட்டார். 1946-ல் வந்த முதல் வண்டியிலிருந்தே அப்படித்தான். அதனால் சக்கரத்தை உருட்டினால் கிக்கரைத் தொடாமலேயே கிளட்சைச் சோதிக்கலாம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச் லீவரைத் தொடாமல் வண்டியை முன்னால் தள்ளு. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுந்தும் காற்று) தடுத்துத் தடுத்து மேக்னெட் சுற்றினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, தேய்ந்தது ராட்செட்தான். வண்டி உருண்டும் மேக்னெட் நின்றால் கிளட்ச் நழுவுகிறது.

கிளட்ச் என்றால் உடனே பிளேட் வாங்க ஓடாதே. கேபிள் விறைப்பாக இருந்தாலும் பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காது, லீவரில் கொஞ்சம் தளர்வு வேண்டும். அப்புறம் ஆயிலைப் பார். இந்த கிளட்ச் கியர் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. பெரிய சட்ட (லார்ஜ் ஃப்ரேம்) வெஸ்பாவுக்கு எஸ்.ஏ.இ. 30 என்ற கெட்டித்தன்மை எண் கொண்ட ஆயில் 250 மி.லி. போதும். காருக்கான வழுவழுப்புச் சேர்மானம் உள்ள ஆயில் ஊற்றியிருந்தால் நழுவத்தான் செய்யும். இரண்டும் சரியாக இருந்தும் நழுவினால் பிளேட் மாற்றலாம், அதற்கு இன்ஜினை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை.

நீ எழுதிய ‘கர்ரக்’ சத்தத்தை வைத்துப் பார்த்தால் ராட்செட் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிளட்ச் நழுவும்போது பெரும்பாலும் சத்தம் வராது. ராட்செட்டின் சாய்ந்த பற்கள் முனை மழுங்கி, சுமை ஏறியதும் ஒன்றின் மேல் ஒன்று தாவும்போதுதான் அப்படிக் கேட்கும். அதற்கு கேஸிங்கை, அதாவது இன்ஜினின் வெளிக்கூட்டை, பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் ராட்செட்டோடு அதன் ஸ்பிரிங், கால்வட்டச் சக்கரத்தின் முதல் பல், அது வந்து மோதும் ரப்பர்கள், தண்டின் ஓ-ரிங், கிராங்க்கின் ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடு. கூட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட்டும் புதிதாகப் போடு.

அதுவரை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கிக்கர் சில சமயம் பாதியில் கல்லு மாதிரி நின்றுவிடும். பல்லின் முனையும் முனையும் முட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. கோபத்தில் அதன் மேல் ஏறி மிதிக்காதே, கேஸிங் விரிசல் விட்டுவிடும். கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டினால் பற்கள் விலகி கிக்கர் இறங்கும்.

டாப் கியரில் தள்ளிப் பார்த்துவிட்டு மேக்னெட் சுற்றியதா இல்லையா என்று எழுது. கேஸிங்கைப் பிரிக்கும் முறையை அதற்கப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்