பூல் ஆட்டம் பார்க்க ஆள் சேர்த்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபம் பிடித்து நடத்திய நைன்-பால் (ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்ட பந்துகளை ஸ்டிக்கால் அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆட்ட வகை) போட்டி நல்லபடியாக முடிந்தது. கோப்பை வாங்கியவர்களின் படம் எல்லாருடைய போனுக்கும் வந்து சேர்ந்திருக்கும். அந்தப் படத்தில் இல்லாதவர்களுக்காக இந்த மடல். யார் என்ன செய்தார்கள், அதனால் என்ன மாறியது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். மதுரையிலோ கோவையிலோ இதே வேலையை யாராவது கையில் எடுத்தால் அவர்களுக்கும் உதவும்.

பூல் ஆட்டத்துக்கு ஸ்பான்சர் வருவதில்லை என்று சென்னையில் பல வருடமாகப் புலம்புகிறோம். ஸ்பான்சர் காசு கொடுப்பது பார்க்கிற கண்களுக்கு. உட்கார்ந்து பார்க்க இடம், தெளிவாகத் தெரிகிற டேபிள், புரிகிற பேச்சு, இந்த மூன்றையும் கொடுக்காமல் கடை கடையாக ஏறி இறங்குவதில் பலன் இல்லை. கீழே வருகிற ஒவ்வொரு நன்றியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்கானது.

முதல் நன்றி மண்டப உரிமையாளருக்கு. ஆடியில் கல்யாணம் இல்லாததால் வாடகை குறையும் என்பது ஊருக்கே தெரியும். அவர் அதற்கு மேலும் செய்தார். போட்டிக்கு முந்தைய நாளே சாவியைக் கொடுத்து, இரவு முழுக்க ஏசியை ஓடவிட்டார். சென்னைக் காற்றின் ஈரம் டேபிள் துணியில் ஏறினால் பந்தின் வேகம் குறையும், டேபிள் ஓரத்து ரப்பர் குஷனில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். காலையில் ஏசியைப் போட்டுவிட்டு உடனே ஆட்டத்தைத் தொடங்கினால், முதல் மேட்ச் ஒரு டேபிளிலும் மாலை மேட்ச் வேறொரு டேபிளிலும் நடந்த மாதிரி இருக்கும். ஆடுகிறவர் சமாளித்துவிடுவார். பார்க்கிறவருக்கோ நல்ல ஆட்டக்காரர் ஏன் தவறவிடுகிறார் என்று விளங்காது.

டேபிளை ஏற்றி இறக்கிய தொழிலாளர்களுக்கு எங்கள் வணக்கம். ஒன்பதடி டேபிளில் துணிக்கு அடியில் இருக்கும் சிலேட் கற்பலகை மட்டுமே ஏறக்குறைய 300 கிலோ. மூன்று துண்டாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் நூறு கிலோ இருக்கும். படுக்கை வசத்தில் தூக்கினால் நடுவில் விரிசல் விடும் என்று சொன்னதும் புரிந்துகொண்டு, நான்கு பேராகச் செங்குத்தாகப் பிடித்துப் படியேற்றினார்கள். ஒரு மூலைகூடச் சில்லு பெயரவில்லை.

ஃபிட்டர் அண்ணனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஸ்நூக்கர் பழகிய கை பூல் டேபிளில் வழக்கமாகத் தடுமாறும். ஸ்நூக்கர் துணிக்கு நாப், அதாவது ஒரு பக்கமாகச் சாய்ந்த மெல்லிய ரோமம், உண்டு. பிரஷ் போட்டு, அயர்ன் போட்டுப் பராமரிப்பார்கள். பூல் போட்டிக்குப் போடும் ஒர்ஸ்டட் (வழவழப்பான கம்பளி நூல்) துணியில் நாப் கிடையாது. அதற்கு அயர்ன் வேண்டாம், நான்கு பக்கமும் ஒரே இறுக்கமாக இழுத்து அடிப்பதுதான் முக்கியம். தளர்ந்தால் பந்து மந்தமாகும், பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும்போது துணி அலை போல எழும்பும். சிலேட் இணைப்புகளில் அவர் தேன்மெழுகு உருக்கி ஊற்றி, பிளேடால் வழித்துச் சமப்படுத்தினார். கார் ஒடுக்கை நிரப்பும் பாடி பட்டியை வைத்திருந்தால் கழற்றும்போது உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும், சிலேட் ஓரம் போய்விடும். காலுக்கு அடியில் பிளைவுட் துண்டு வைத்து லெவல் பார்த்தவர், மறுநாள் காலை வந்து மீண்டும் பார்த்தார். பாரம் அமர்ந்த பிறகுதான் உண்மையான லெவல் தெரியும். உலக பூல் சங்கத்தின் அளவுப்படி நீளவாக்கில் 0.020 அங்குலம், அகலவாக்கில் 0.010 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. கட்டட வேலைக்கு வைத்திருக்கும் ரசமட்டத்தில் அது பிடிபடாது. மெஷினிஸ்ட் லெவலை இரவல் தந்த அம்பத்தூர் பட்டறைக்கும் சேர்த்து நன்றி.

அடுத்து, பந்தல் கான்ட்ராக்டர். கண்காட்சிக்குப் போடுவது போலச் சமதளத்தில் நாற்காலி போட்டிருந்தால் மூன்றாவது வரிசைக்கு முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். டேபிளின் உயரம் சுமார் 30 அங்குலம், அதில் கிடக்கும் பந்து இரண்டேகால் அங்குலம். பார்வை மேலிருந்து இறங்க வேண்டும். வரிசைக்கு வரிசை எட்டு அங்குலம் உயர்த்திப் படி கட்டிக் கொடுத்தார். டேபிளையும் சேர்த்து, சுற்றி நின்று ஸ்டிக் வீச மட்டுமே 18க்கு 14 அடி வேண்டும். அதையும் தாண்டி ஓரடி விட்டு முதல் வரிசையைப் போட்டதால், கடைசிவரை ஒருவர் முழங்காலிலும் ஸ்டிக் இடிக்கவில்லை.

விளக்கு விஷயத்தில் உதவிய எலக்ட்ரீஷியன் தம்பிக்குத் தனியாக ஒரு பத்தி எழுதியாக வேண்டும். டேபிளின் எந்த மூலையிலும் வெளிச்சம் 520 லக்ஸுக்குக் குறையக் கூடாது என்பது அதே சங்கத்தின் விதி. நடுவில் பெரிய விளக்காக ஒன்றைத் தொங்கவிட்டால் நடுப்பகுதி பளிச்சென்று எரியும், நான்கு கார்னர் பாக்கெட்டும் இருண்டு கிடக்கும். கேமராவில் பந்து பாக்கெட்டில் விழுவதே தெரியாது. அவர் டேபிளின் சுற்றளவுக்குச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் எல்இடி பொருத்தி, நடுவை வெறுமையாக விட்டார். அந்த இடைவெளி வழியாகத்தான் மேல் கேமரா டேபிளைப் பார்த்தது. சோதனைப் பதிவில் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. கேமராவோ 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் இருந்தது. 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50-இல் நிறுத்தி, எல்இடி டிரைவரையும் நல்லதாக மாற்றியதும் பட்டை போய்விட்டது. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் லாக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் குனியும் ஒவ்வொரு முறையும் துணியின் நிறமே மாறும்.

கேமரா, ஒளிபரப்பு வேலை முழுவதையும் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டேபிள் சட்டத்துக்கு அடியில் ஒரு காலர் மைக்கை ஒட்டியது அவர்கள் யோசனை. பிரேக்கின் வெடிப்பும், பந்து பாக்கெட்டில் விழும் 'டொப்'பும் வீட்டில் இருப்பவர் காதில் விழுந்தபோதுதான் ஒளிபரப்புக்கு உயிர் வந்தது. சத்தமில்லாத பூல் ஒளிபரப்பை யாரும் அதிக நேரம் பார்ப்பதில்லை. சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளைப் பந்தைக் கடன் கொடுத்த வேளச்சேரி கிளப்புக்கும் நன்றி. வெறும் வெள்ளையில் ஸ்பின் தெரியாது. புள்ளி சுழல்வதைப் பார்த்தால், வெள்ளை ஏன் பின்னால் இழுத்து வருகிறது என்று ஒரு குழந்தையும் சொல்லிவிடும். நான்காம் நம்பர் பந்து ஊதாவுக்குப் பதில் பிங்க் நிறத்தில் இருக்கும் செட்டையும் அவர்களே கொடுத்தார்கள். திரையில் ஊதாவையும் எட்டாம் நம்பர் கறுப்பையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இனி, எங்கள் மனதுக்கு மிக நெருக்கமான நன்றி. தமிழ் வர்ணனை செய்த இருவரும் வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துக் கேரம் ஆட்டக்காரர்கள். சென்னையில் பூல் ஆட்டத்துக்கு ரசிகர்களைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, கேரம் போர்டைச் சுற்றி அவர்கள் ஏற்கெனவே நிற்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை. உலகப் பட்டம் வென்ற மரிய இருதயத்தையும், 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவையும் கொடுத்த ஊர் இது. கட், ரீபவுண்ட், ஃபைன் எல்லாம் இங்கே தெருப் பையன்களுக்கும் தெரியும். வர்ணனையாளர்கள் அந்தச் சொற்களிலேயே பேசினார்கள். சிவப்புக் காயைப் போட்டால் ஃபாலோவாக உடனே இன்னொரு காயையும் போட வேண்டும் என்பது கேரம்காரரின் ரத்தத்தில் ஊறியது. ஒரு காயைப் போடும்போதே அடுத்த காய்க்கு வழி பார்க்கிற அந்தப் புத்திதான் நைன்-பாலிலும் வேண்டும். கேரம் கண்ணுக்குப் புதியது ஒன்றே ஒன்று. ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துக் கோட்டில் வைக்கலாம். வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. எதிராளி ஃபௌல் செய்தால் மட்டுமே கையில் எடுக்கலாம். இதை அவர்கள் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் மாலை, பந்து பாக்கெட்டில் விழுவதற்காகக் கைதட்டிய கூட்டம், வெள்ளை வந்து நின்ற இடத்தைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கியது. ரசிகர் என்றால் அவர்தான்.

வர்ணனை மணமகள் அறையிலிருந்து நடந்தது. அரங்கில் அதை ஒலிபெருக்கியில் விடவில்லை, ஆட்டக்காரர் குனிந்திருக்கும்போது பேசக் கூடாது. போனில் கேட்டாலும் ஒளிபரப்பு பல விநாடி பின்தங்கி வரும். அதனால் அடுத்த ரேக்குக்கு (ஆட்டத்துக்கு) பந்துகளை அடுக்கும் இடைவெளியில் மட்டும் அறிவிப்பாளர் அரங்கில் இரண்டு வரி பேசினார். பந்தின் நிறம், நம்பர், மூன்றே விதிகள் அச்சிட்ட அட்டையை நாற்காலிதோறும் வைத்த சிறுவர்களுக்கும் நன்றி.

அணி ஆட்டம் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற பெரம்பூர் நண்பர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1994 முதல் நடக்கும் மோஸ்கோனி கோப்பையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுகின்றன. அங்கே கூட்டம் பாடுவதும் கூச்சலிடுவதும் அணிக்காகத்தான். ஒவ்வொரு மேட்சிலும் ஐந்து ரேக் முதலில் எடுப்பவர் வெற்றி, ஒரு அடிக்கு 30 விநாடி. இங்கே அதை வடசென்னை, தென்சென்னை என்று பிரித்தோம். ஆட்டக்காரரின் பெயரோடு அவர் ஏரியாவையும் திரையில் போட்டோம். பெயர் தெரியாதவர் ஆடினாலும் ஏரியாவுக்காக ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிரேக்குக்கு ஒன்பதாம் பந்தை ஸ்பாட்டில் (டேபிளில் பந்து அடுக்கும் குறியில்) வைத்து அடுக்கச் சொன்ன நடுவருக்கும் நன்றி. ஒன்றாம் பந்தை ஸ்பாட்டில் வைத்தால் ஓரத்துப் பந்து திரும்பத் திரும்ப கார்னரில் விழுகிறது, எல்லா ரேக்கும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது.

விளம்பரம் தந்த கடைகளுக்கு வருவோம். மொத்தச் செலவையும் ஒரே நிறுவனத்தின் தலையில் கட்டினால், அவர்கள் கடைசி வாரம் விலகும்போது போட்டியே நின்றுபோகும். ஆகவே சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தோம். ஷாட் கிளாக்கை ஒரு கண் கண்ணாடிக் கடை எடுத்தது, ஸ்கோர் பலகையை ஒரு ஸ்வீட் கடை, விளக்குச் சட்டத்தை ஒரு வயரிங் கடை. துணியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன ஒருவரிடம், ஸ்டிக்கர் ஓரம் எழும்பினால் மெதுவாக உருளும் பந்து வழி மாறும் என்று காட்டினோம். உடனே ஏற்றுக்கொண்டார். அவர் பெயரைத் தரைக் கம்பளத்தில் போட்டோம். மேல் கேமராவில் டேபிளின் பக்கப் பலகை தெரியவே தெரியாது, கம்பளம் தெரியும். எழுத்து எந்தக் கேமராவுக்கு நேராக இருக்கிறது என்பதையும் ஒட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகையிலை, மது, பந்தயச் செயலி ஆகியவற்றின் பணத்தைத் தொடவில்லை. புகையிலை ஸ்பான்சரை 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு விளம்பரத்தை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், பூல் ஹால் என்றாலே முகம் சுளிக்கிற அம்மா அப்பாக்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார இதுதான் ஒரே வழி.

ஆடிட்டர் ஐயா சம்பளம் வாங்காமல் இரண்டு விஷயங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஸ்பான்சர்ஷிப்புக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, விலை சொல்லும்போதே அதைத் தனியாக எழுதிக் காட்டுங்கள் என்றார். சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியை இதற்குக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். விளம்பரப் பலனுக்காகத் தரும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துவதென்றால் அந்தக் கதவைத் தட்டலாம்.

அரை மணிக்கு ஒருமுறை தலை எண்ணிய தன்னார்வலர்களுக்கும் நன்றி. கடைகளுக்கு நாங்கள் தந்த அறிக்கையில் 'வியூஸ்' எண்ணிக்கையை மேலே போடவில்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒளிபரப்பை ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார், கடையின் பெயர் திரையில் எத்தனை நிமிடம் தெரிந்தது, இந்த மூன்றும்தான் முதல் பக்கம். கூட்டம் குறைந்த காலை நேரத்தையும் மறைக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்வீட் கடைக்காரர் அடுத்த முறைக்கும் சரி என்றார்.

பக்கத்து அம்மன் கோயில் விழாக் குழுவினருக்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நேரத்தில் குழாய் ஸ்பீக்கரைத் தெருவின் மறுபக்கம் திருப்பிக் கட்டினார்கள். இறுதி ஆட்டத்தன்று மாலைப் பாட்டை ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துக்கொண்டார்கள். சமையற்கட்டில் சுண்டலும் காபியும் போட்ட அக்காக்கள், டம்ளரோடு டேபிள் பக்கம் ஒருவரையும் விடவில்லை. குஷன் மேல் சிந்தும் ஒரு சொட்டுக் காபி துணியையே கெடுத்துவிடும். இரவு பத்துக்குள் பரிசளிப்பை முடித்தாக வேண்டும், கடைசி மெட்ரோவைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்த நாள் குடும்பத்தோடு வரமாட்டார்கள் என்று நேர அட்டவணையைக் கறாராகக் கத்தரித்தவரும் அவர்களில் ஒருவர்தான்.

தோற்ற கையோடு பதினைந்து நிமிடம் ரசிகர்களோடு உட்கார்ந்து, எந்த அடியில் ஆட்டம் கைநழுவியது என்று விளக்கிய ஆட்டக்காரர்களே, உங்களுக்கு இருந்த வலியைத் தெரிந்தும் கேட்டோம். ஒருவரும் மறுக்கவில்லை. நெஞ்சார்ந்த நன்றி.

வரவு செலவுக் கணக்கு மண்டப வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. இரவல் வாங்கிய மெஷினிஸ்ட் லெவலும் பந்து செட்டும் துடைத்துத் தயாராக உள்ளன, இந்த வாரமே உரியவர்களிடம் வந்து சேரும். கழற்றிய துணியில் பிரேக் அடித்த இடம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. மீதியை வெட்டி, பிள்ளைகள் பழகும் ஏழடி டேபிளுக்குப் போட ஃபிட்டர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் தேவை. முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
போட்டிக் குழுவினர்,
சென்னை.