மகள் வரலாறு படிக்கட்டுமா என்று கேட்டாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். சோழர் காலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள், "வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எல்லாவற்றையும் எழுதிவிட்டாரே, இவளுக்கு என்ன மிச்சம்?" என்று கேட்கிறாய். எனக்கு உடனே ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா நினைவுதான் வந்தது. சாஸ்திரியாரின் சோழர் வரலாறு வெளிவந்து கால் நூற்றாண்டு கழித்து, 1961இல், டோக்கியோவிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கல்வெட்டுப் படிக்க வந்தவர் அவர். மிச்சம் இல்லாமலா வந்திருப்பார்?

அவர் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டது இரண்டே ஊர்கள். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளை வரிவரியாகப் பார்த்தால், அல்லூரில் ஊரார் சேர்ந்து நிலத்தை விற்கிறார்கள். பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரான ஈசானமங்கலத்திலோ தனித்தனி ஆட்கள் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்கள், நில உரிமை மட்டும் வேறு! சோழர் காலத்தில் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அதற்கப்புறம் ஒரே பதில் சொல்ல முடியாமல் போயிற்று. பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நிலவுடைமை பெருகியதையும் அவர் இப்படித்தான், கல்வெட்டு கல்வெட்டாகப் பார்த்துச் சொன்னார்.

அடுத்து, சுப்பராயலு, மாட்சுயி என்ற ஆய்வாளர்கள் இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி, 1978இல் அடைவாக வெளியிட்டார். பெயர்ப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. ஊர்ப் பெயரோடு 'உடையான்' என்று ஒருவன் பெயர் முடிந்தால், அந்த ஊரில் அவனுக்கு நிலம் இருந்திருக்கிறது. 'மூவேந்தவேளான்' என்றால் அரசன் கொடுத்த பட்டம். ஆள் பெரும்பாலும் அதிகாரி. எந்தப் பட்டம் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில் கூடுகிறது, குறைகிறது என்று எண்ணினால் சமூகம் மாறியது கண்ணுக்குத் தெரிகிறது. மக்கள் கட்டிய வரிகளின் பெயர்களையும் இப்படியே எண்ணினார். நமக்குக் கல்லூரியில் ராஜராஜன் வென்ற நாடுகளைத்தான் ஒப்பிக்கச் சொன்னார்கள். நிலத்தை விற்றவன் யார், வரி கட்டியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அவர் கல்வெட்டோடு நின்றுவிடவும் இல்லை. ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, பழைய கடல் வணிகத்தையும் ஆராய்ந்தார். 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015இல் காலமானார்.

வேலை பற்றிய உன் பயம் நியாயமானதுதான். நிரந்தர வேலை சீக்கிரம் கிடைக்காது, அவளிடம் இதை மறைக்காதே. ஆனால் பாடம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லித் தடுக்காதே. அச்சேறாத கல்வெட்டுகள் இன்னும் ஏராளம். முதலில் கிரந்த எழுத்தும் பழைய தமிழ் எழுத்தும் சரளமாகப் படிக்கப் பழகட்டும், மைப்படியை, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படியை, தானே வாசிக்க வரவேண்டும். அச்சில் வந்ததை மட்டும் நம்பினால் பாதி வழியில் நின்றுவிடுவாள்.

எந்த வட்டாரத்தை எடுக்கப்போகிறாள் என்று கேட்டு எழுது. காவிரிப் பக்கம் என்றால் என்னிடம் கல்வெட்டுத் தொகுதிகள் சில இருக்கின்றன, பார்சலில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்