எச்சம் நடந்த கதை

அன்புள்ள செல்வி,

உன் முதல் கடிதத்துக்கே பதில் போடாமல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். கோபமாக இருப்பாய், இருக்கட்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம். வார்டன் அக்கா போன வாரம் பேசினார். நம் டீச்சர் பயிற்சியில் நீ செய்த ஒட்டகச்சிவிங்கியை இன்னும் ஆடு என்றுதான் சொல்கிறார்!

நேற்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. பிள்ளைகள் செய்யும் களிமண் யானைக்குக் கண் வைக்க, பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய குன்றிமணி ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். இருந்தாலும் விவரமாகச் சொல்கிறேன், கேள். குன்றிமணி கடுமையான விஷம். மேலே ஓடு கெட்டியாக இருப்பதால்தான் நமக்கு அது தெரிவதில்லை. குழந்தை கடித்தாலோ, கோப்பதற்காக நாம் துளை போட்டாலோ உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். அதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. வாந்தி, வயிற்றுப்போக்கு தெரியவே பல மணி நேரம் ஆகலாம். அதனால் பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, வாயில் போட்டது தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த டப்பாவை இன்றைக்கே பரணில் ஏற்றிவிடு. கடையில் விற்கிற, உருளும் பிளாஸ்டிக் கண்களும் வேண்டாம். இங்கே ஒரு பிள்ளை அதை மூக்குக்குள் திணித்துக்கொண்டு, எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கண் என்றால் விரலில் மை தொட்டு ஒரு பொட்டு. அது போதும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு யானை முகமூடி செய்வதாக இருந்தது. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து 22 முகமூடி வெட்டி, தும்பிக்கையும் மடித்து வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பாக்கி இருந்தது பசை தடவுகிற வேலை மட்டும். காலையில் கைகழுவப் போன ஆட்டுக்காரர் பேத்தி ஓடிவந்து, “டீச்சர், குருவி எச்சம் நடக்குது” என்றாள்.

கைகழுவுகிற தண்ணீர் பாய்கிற இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. அதில் ஒரு புழு. பழுப்பும் வெள்ளையுமாக, இலையில் விழுந்த எச்சம் மாதிரியே இருந்தது. பறவை கொத்தாமல் இருக்கத்தான் அந்த வேஷம். அப்புறம் முகமூடி எங்கே! கிளையோடு ஒடித்து ஒரு பாட்டிலில் வைத்து, மேலே துணி கட்டினேன். தினமும் புது இலை வைப்பது பிள்ளைகளின் வேலை. சில நாளில் தோலை உரித்துப் போட்டு, பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடி. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் எதிர்வீட்டு மதினி வந்துவிட்டார்.

அதன்பிறகுதான் அந்தப் புழுவைச் செய்ய முட்டை அட்டைகளைக் கொடுத்தேன். மாதிரி எதுவும் செய்து காட்டவில்லை, செல்வி. கத்தரி பிடித்து அட்டையை நீளமாக வெட்டிக் கொடுத்ததோடு சரி. நீ பார்த்திருக்க வேண்டும்! ஒருத்தன் அட்டையில் சாம்பலைக் குழைத்துப் பூசி, “என்னுது இன்னும் எச்சம்தான்” என்றான். ஆட்டுக்காரர் பேத்தி தலையில் ஓட்டை போட்டு, சிவப்பு நூலைப் பின்னாலிருந்து தள்ளினாள். கொம்பு நீண்டது, இழுத்தாள், உள்ளே போய்விட்டது. கால்களுக்குக் களிமண் கேட்டார்கள். முன்னால் 6 கால் கூராக, பின்னால் 10 கால் கட்டைகட்டையாக இருக்கும். 16 வரை எண்ணத் தெரியாத பிள்ளைகள் முன்காலைச் சின்னதாகவும் பின்காலைக் குண்டாகவும் உருட்டி வைத்தார்கள். இத்தனை வருடம் நான் வெட்டிக் கொடுத்த யானை எதிலும் அந்தப் பிள்ளைகள் யானையைப் பார்த்ததே இல்லை.

ஒரு அம்மா வந்து, “என்ன டீச்சர், பக்கத்து ஸ்கூல்ல பட்டாம்பூச்சி எல்லாம் ஜிகினா ஒட்டி அழகா செஞ்சு அனுப்புறாங்க” என்று முகம் சுளித்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஜிகினாவை ஒட்டியது எந்தக் கை என்று நமக்குத் தெரியாதா? பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். புழு அன்றைக்குத்தான் இடுப்பில் நூல் கட்டிச் சாய்ந்து, கூட்டுப்புழுவாக மாறியிருந்தது. “ஊஞ்சல் கட்டித் தூங்குதும்மா” என்று அவர் மகன் விளக்கினான். மறுநாளிலிருந்து அந்த அம்மா பையனைவிட முன்னால் உள்ளே வருகிறார்.

11ஆம் நாள் காலை கூடு காலி. கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக. கறிவேப்பிலை அழகி என்பார்களே, அந்தப் பட்டாம்பூச்சியில் ஆண். துணியை எடுத்தும் அரைமணி நேரம் இறக்கையை உலர்த்திக்கொண்டு பாட்டில் விளிம்பிலேயே இருந்தது. 22 பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நம் பயிற்சி வகுப்பில்கூட அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை.

உன் மொட்டைமாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோ எலுமிச்சைத் தொட்டியோ வை. மருந்து அடிக்காத கன்றாகப் பார்த்து வாங்கு. பட்டாம்பூச்சி தானே தேடி வந்து முட்டையிடும். முட்டை அட்டை இங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. குன்றிமணி டப்பாவைப் பரணில் வைத்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா